மழை வரைபடத்தின் நடு நிறம்

ஒரு பருவமழை இயல்பைவிட எங்கே கூடுதலாகப் பெய்தது, எங்கே பொய்த்தது என்பதை ஒரே வரைபடத்தில் காட்ட, நடுவிலிருந்து இருபுறமும் பிரிந்து செல்லும் வண்ண வரிசை வேண்டும். நடுவில் வெண்மைக்கு நெருங்கிய நிறம். அங்கிருந்து ஒரு பக்கம் பழுப்பு படிப்படியாக அடர்ந்து போகும். மறுபக்கம் நீலப்பச்சை அடர்ந்து போகும். பழுப்பு என்றால் பற்றாக்குறை, பச்சை என்றால் மிகுதி, நிறம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு விலகல். இத்தகைய வண்ண வரிசையை இருதிசை வரிசை எனலாம். வெளிரிலிருந்து அடர்த்தி நோக்கி ஒரே பக்கமாகச் செல்வது ஒருதிசை வரிசை. புள்ளிவிவரக் கணிப்புக்கான ஆர் மொழியில் இரண்டையும் ஒரே வரிக் கட்டளையில் வரவழைத்துவிடலாம். ஆனால் எதை எப்போது எடுப்பது, வரிசையின் நடுவை எந்த எண்ணில் நிறுத்துவது என்ற தீர்மானம் மனிதருடையது. அந்தத் தீர்மானம் பிசகினால் வெள்ளம் வந்த ஊர் வரைபடத்தில் வறண்டு தெரியும்.

திருவனந்தபுரம் மாவட்டத்தில் விதுரைக்கு மேலே உள்ள போனக்காடு, இதை விளக்கப் பொருத்தமான இடம். தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் தேயிலைத் தோட்டம் அது. அகத்தியர்கூட மலையேற்றம் தொடங்கும் ஊரும் அதுவே. அந்தச் சரிவுகளில் இறங்கும் ஓடைகள் கரமனை ஆற்றில் கலந்து, திருவனந்தபுரம் நகரத்துக்குக் குடிநீர் தரும் பேப்பாறை அணைக்குப் போகின்றன. 1,868 மீட்டர் உயர்ந்த அகத்தியர்கூடத்துக்கு அப்பால் பொதிகையின் கிழக்குச் சரிவு. அங்கே பிறக்கும் தாமிரபரணி பாபநாசம் வழியாகத் திருநெல்வேலிச் சமவெளிக்கு இறங்குகிறது. மேற்குச் சரிவில் தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது, கிழக்கே மலை அடிவாரத்துக்கு அப்பாலுள்ள சமவெளி மழைமறைவில் காய்ந்து கிடக்கும். வடகிழக்குப் பருவம் வந்தபின் அந்தச் சமவெளிக்கு முக்கியமான மழை கிடைக்கும். சில கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு வேறு மழைக் கணக்குகள் ஓடும் இந்த மலைக்கு வண்ணம் தீட்டும்போது, இருதிசை வரிசையின் பயனும் அதன் கண்ணிகளும் ஒருசேர வெளிப்படுகின்றன.

ராஸ்டர் என்பது நிலப்பரப்பைச் சம அளவுக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஓர் எண் வீதம் எழுதிவைத்த தரவு. இந்திய வானிலை ஆய்வுத் துறை நாடு முழுவதற்குமான அன்றாட மழையளவை 0.25 பாகைக் கட்டங்களாக வெளியிடுகிறது. அந்தத் தொடர் 1901ஆம் ஆண்டிலிருந்து தொடங்குகிறது. 0.25 பாகை என்பது இந்தப் பகுதியில் ஏறத்தாழ 28 கிலோமீட்டர். அவ்வளவு பெரிய கட்டத்துக்குள் மலையின் இரு சரிவுகளும் சேர்ந்து விழுந்துவிடக்கூடும். அப்போது மேற்கின் ஈரமும் கிழக்கின் வறட்சியும் சராசரியாகி, இரண்டுக்கும் பொருந்தாத ஓர் எண் கிடைக்கும். செயற்கைக்கோள் அளவையும் நிலத்து மழைமானிகளையும் இணைத்துச் செய்யப்படும் சிர்ப்ஸ் தரவு 1981 முதல் கிடைக்கிறது. அதன் கட்டம் 0.05 பாகை, அதாவது ஐந்தரை கிலோமீட்டர் அளவு. மலைமுகடு ஓரளவு தெரிய வேண்டுமானால் அந்த நுணுக்கம் தேவை. கட்டம் பெரிதாக இருப்பதால் மறைந்துபோன விவரத்தை எந்த வண்ணத்தாலும் மீட்க முடியாது.

இருதிசை வரிசைக்கு ஒரே தகுதிதான் உண்டு. தரவின் நடுவில் எங்கேனும் பொருளுள்ள ஓர் எண் இருக்க வேண்டும். அதற்கு மேலே இருப்பதும் கீழே இருப்பதும் வெவ்வேறு செய்திகளாக இருக்க வேண்டும். பருவத்தில் மொத்தம் எத்தனை மில்லிமீட்டர் பெய்தது என்ற அளவுக்கு அப்படியொரு நடு இல்லை. சுழியத்தில் தொடங்கி ஏறிக்கொண்டே போகும் எண் அது. வெளிர் நீலத்திலிருந்து கருநீலம் வரை செல்லும் ஒருதிசை வரிசையே அதற்கு உரியது. அதே மழையிலிருந்து இயல்பைக் கழித்துவிட்டால் கதை மாறுகிறது. கழித்து வந்த எண்ணில் சுழியம் என்றால் இயல்பு. கூட்டல் குறி வெள்ளத்தை நோக்கிப் போகும், கழித்தல் குறி வறட்சியை நோக்கிப் போகும். இங்கே இருதிசை வரிசை இல்லாமல் முடியாது. தென்மேற்குப் பருவ மழையிலிருந்து வடகிழக்குப் பருவ மழையைக் கழித்து வரையப்படும் படமும் இந்த வகையே. எந்தப் பருவம் எங்கே ஆள்கிறது என்பதை இரு நிறங்களும் பிரித்துக் காட்டும். அவை சந்திக்கும் வெளிர் பட்டையே இரண்டு மழைகளும் சமமாக நிற்கும் எல்லை.

உயரத்துக்கும் இதே கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம். போனக்காட்டிலிருந்து அகத்தியர்கூடம் வரையிலான நிலம் முழுவதும் கடல் மட்டத்துக்கு மேலே இருப்பதால் அங்கே ஒருதிசை வரிசை போதும். ஆலப்புழைப் பக்கம் குட்டநாட்டில் நெல்வயல்களே கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கின்றன. அங்கே சுழியம் என்ற எண்ணுக்கு உயிர் இருக்கிறது. கரையுடைந்தால் எந்த வயலுக்குத் தண்ணீர் புகும் என்பதை அந்த எண்தான் சொல்கிறது. கேரளம் முழுவதற்கும் உயரப் படம் போடுபவர் கடல் மட்டத்தை நடுவாக வைத்து இருதிசை வரிசையை எடுத்தால் குட்டநாடு தனியே துலங்கும்.

பொருளுள்ள நடு இல்லாத எண்ணுக்கு இருதிசை வரிசையை எடுக்கும் தவறு தாவரச் செழிப்புக் குறியீட்டில்தான் அதிகம் நடக்கிறது. செயற்கைக்கோள் பதிவுசெய்யும் அகச்சிவப்பு ஒளியையும் சிவப்பு ஒளியையும் ஒப்பிட்டுக் கணக்கிடும் இந்த எண் -1க்கும் +1க்கும் இடையில் இருக்கும். இரு பக்கமும் குறி இருக்கிறதே என்று பலர் சிவப்பு, மஞ்சள், பச்சை என்ற இருதிசை வரிசையைப் பூசிவிடுகிறார்கள். ஆனால் நிலத்தின் மீது அந்த எண் பெரும்பாலும் சுழியத்துக்கு மேலேயே இருக்கும், 0.4 என்ற அளவுக்கு இரு பக்கமும் எதிரெதிரான பொருள் கிடையாது. பேப்பாறைக் காட்டையும் அதன் ஓரத்துத் தோட்டத்தையும் அப்படி வரைந்தால், குறைந்த செழிப்புள்ள பாறைமுகடு அழிந்துபோன காடுபோலச் சிவந்து தெரியும். பாறை எப்போதும் பாறைதான். அங்கே எதுவும் அழியவில்லை. இரண்டு ஆண்டுகளின் குறியீடுகளை ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால்தான் இருதிசை வரிசைக்கு இடம் பிறக்கிறது. கவாத்து நின்ற தேயிலைச் செடிகள் மரமாக ஓங்கி, புதர் மண்டி வரும் நிலத்தை அந்தக் கழித்தல் படத்தில் பச்சைப் பக்கம் காணலாம். மரம் சாய்ந்த சரிவை மறுபக்கம் காணலாம்.

நடு என்பது எது என்று முடிவு செய்வது எண்கணிதத்துக்கு முந்தைய வேலை. மழைக்கு இயல்பு என்பது பல ஆண்டுச் சராசரி. எந்த ஆண்டுகள் என்பதைப் பொறுத்து அது நகரும். வானிலை ஆய்வுத் துறை 1961 முதல் 2010 வரையிலான சராசரியை இயல்பாக வைத்திருந்தபோது, நாடு முழுவதற்குமான தென்மேற்குப் பருவ மழை 88 சென்டிமீட்டர். 2022இல் 1971 முதல் 2020 வரையிலான சராசரிக்கு மாறியதும் அது 87 சென்டிமீட்டர் ஆனது. நாட்டளவில் ஒரு சென்டிமீட்டர் வேறுபாடு சிறிதாகத் தெரியலாம். தனித்தனிக் கட்டங்களில் வேறுபாடு இதைவிடப் பெரிதாகவும் இருக்கக்கூடும். ஆகவே வரைபடத்தின் ஓரத்தில் இயல்பு எந்த ஆண்டுகளைக் குறிக்கிறது என்று எழுதாத படம் பாதிச் செய்தியை மறைக்கிறது.

இனி, மிகப் பெரிய கண்ணிக்கு வருவோம். 2018ஆம் ஆண்டு ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 19 வரை கேரளத்தில் 2,346.6 மில்லிமீட்டர் மழை பெய்தது. அந்த நாள்களுக்கான இயல்பு 1,649.5 மில்லிமீட்டர். மாநில அளவில் 42 விழுக்காடு மிகுதி. இடுக்கி மாவட்டத்தில் மழை இயல்பின் இருமடங்கை நெருங்கியது. வடகோடியில் காசர்கோட்டில் இயல்பைவிடச் சற்றுக் குறைவாகவே பெய்தது. இந்த விலகல்களை ராஸ்டராக வைத்துக்கொண்டு, குறைந்த எண் -20 விழுக்காடு, உயர்ந்த எண் +100 விழுக்காடு என்று கொள்வோம். வண்ண வரிசையைத் தரவின் ஒரு நுனியிலிருந்து மறுநுனி வரை நீட்டும்படி மென்பொருளிடம் விட்டுவிட்டால், வரிசையின் நடு நிறம் இவ்விரு எண்களுக்கும் நடுவில், அதாவது +40இல் போய் உட்காரும். நூறாண்டில் காணாத வெள்ளம் என்று மாநிலம் தத்தளித்த அந்தப் பருவத்தின் சராசரி மிகுதி வெள்ளை நிறத்தில், இயல்பைப்போலத் தெரியும். 20 விழுக்காடு மிகுதி பெய்த கட்டங்கள் பழுப்பேறி, வறட்சிபோலக் காட்சி தரும். கணக்கில் ஒரு பிழையும் இல்லாமலேயே படம் பொய் சொல்லிவிடுகிறது. படத்தைப் பார்ப்பவர் பக்கத்திலுள்ள வண்ணக் குறிப்பை எடுத்து வாசித்தால் உண்மை தெரியும் என்று வாதிடலாம். கண் முதலில் நிறத்தைத்தான் வாசிக்கிறது. எண்ணை வாசிக்கும் முன்பே கருத்து உருவாகிவிடுகிறது.

ஆர் மொழியின் கருவிகள் இந்த விஷயத்தில் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை என்பதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 1990களில் நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் இருவரும் உருவாக்கிய இந்த மொழியில், ராஸ்டர் வேலைக்கு ராபர்ட் ஹிஜ்மன்ஸ் முதலில் ராஸ்டர் என்ற தொகுப்பையும் பின்னர் அதற்கு மாற்றாக டெர்ரா என்ற தொகுப்பையும் எழுதினார். டெர்ராவின் பிளாட் கட்டளை, கொடுக்கப்பட்ட வண்ணங்களைத் தரவின் வீச்சு முழுவதிலும் சமமாகப் பரப்பும். ஆகவே மேலே சொன்ன பிழை தானாகவே நேரும். தடுக்க வழி எளிது: ரேஞ்ச் என்ற இடத்தில் -100, +100 என்று சுழியத்துக்கு இரு பக்கமும் சம தொலைவுள்ள எல்லைகளைக் கொடுத்துவிட வேண்டும். எந்த எண்களைக் கொடுப்பது என்று தெரியாவிட்டால், தரவில் குறியை நீக்கிப் பார்த்து மிகப் பெரிய எண் எதுவோ அதையே இரு பக்கத்துக்கும் வைக்கலாம்.

ஜிஜிபிளாட்2 தொகுப்பில் கிரேடியன்ட்2 என்று முடியும் வண்ணக் கட்டளை இந்த வகையில் கவனமானது. அதில் மிட்பாயிண்ட் என்ற தனி இடம் உண்டு. எதுவும் சொல்லாவிட்டால் அது சுழியத்தை நடுவாக எடுத்துக்கொள்ளும். நடுவிலிருந்து இரு பக்கமும் ஒரே அளவுகோலில் நிறத்தை ஏற்றும் என்பது அதன் இன்னொரு நல்ல குணம். தரவு -20 முதல் +100 வரை இருந்தால், மிகுதிப் பக்கம் முழு அடர்த்தியை எட்டும். பற்றாக்குறைப் பக்கம் வெளிர் நிறத்திலேயே நின்றுவிடும். அதுதான் நேர்மையான காட்சி. 20 விழுக்காடு பற்றாக்குறை 100 விழுக்காடு மிகுதிக்குச் சமமான அடர்த்தியில் தெரியக் கூடாது. அதே தொகுப்பில் டிஸ்டில்லர் என்று முடியும் கட்டளைக்கு இந்தக் கவனம் இல்லை. டெர்ராவைப்போல நுனி முதல் நுனி வரை நீட்டிவிடும். லிமிட்ஸ் என்ற இடத்தில் சம எல்லைகளைக் கொடுத்தே திருத்த வேண்டும். போதாததற்கு, சொல்லாமலேயே வண்ண வரிசையைத் தலைகீழாகத் திருப்பியும் வைத்துக்கொள்ளும். பழுப்பு வறட்சிக்கு, பச்சை மழைக்கு என்று நினைத்து அனுப்பினால் பச்சை வறட்சிக்கு வந்து நிற்கும். டைரெக்‌ஷன் என்ற இடத்தில் 1 என்று எழுதினால் வரிசை நேராகும். ஆரின் அடிப்படைத் தொகுப்பிலுள்ள கிரீன்-பிரவுன் என்ற வரிசையும் பச்சையில் தொடங்கிப் பழுப்பில் முடிவதால், மழைப் படத்துக்கு அதையும் திருப்பிப் போட வேண்டியிருக்கும். படம் வந்தவுடன் நன்கு தெரிந்த ஓர் இடத்தின் நிறத்தைச் சரிபார்ப்பது ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டிய காரியம்.

எல்லைகளைச் சமமாக வைத்தாலும் விழுக்காட்டுக் கணக்கில் ஒரு கோணல் எஞ்சுகிறது. மழை -100 விழுக்காட்டுக்குக் கீழே போக முடியாது. ஒரு துளியும் பெய்யாததே அதன் கடைசி எல்லை. மேலே எல்லையே இல்லை. இயல்பில் பாதி பெய்தால் -50. இருமடங்கு பெய்தால் +100. விகிதத்தில் இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று நேரெதிர், ஆனால் எண்ணில் ஒன்று மற்றதன் இருமடங்கு. பெய்த மழையை இயல்பால் வகுத்து, 2ஐ அடிமானமாகக் கொண்ட மடக்கை எடுத்தால் பாதி மழை -1 ஆகவும் இருமடங்கு +1 ஆகவும் மாறி, நடு சுழியத்தில் நின்றுவிடும். பொது வாசகருக்கு மடக்கை புரியாதே என்ற தயக்கம் தேவையில்லை. வண்ணக் குறிப்பில் மடக்கை எண்ணுக்குப் பதிலாக ‘பாதி’, ‘இயல்பு’, ‘இருமடங்கு’ என்று எழுதினால் போதும்.

மழைமறைவுப் பகுதியில் விழுக்காடு இன்னும் மோசமாக நடந்துகொள்ளும். தூத்துக்குடிப் பக்கம் தென்மேற்குப் பருவத்தின் இயல்பு மழையே மிகக் குறைவு. வகுக்கும் எண் சிறிதாக இருப்பதால், ஒரே ஒரு மாலை நேரத்து இடிமழை அந்தக் கட்டத்தை நூற்றுக்கணக்கான விழுக்காட்டுக்கு ஏற்றிவிடும். போனக்காட்டில் அதே மழை பெய்தால் பருவக் கணக்கில் அது கண்ணுக்கே தெரியாது. மில்லிமீட்டரில் வரைந்தால் இதற்கு நேர்மாறாக மலைகள் மட்டும் அழுத்தமாகத் தெரிய, சமவெளி முழுவதும் வெளுத்துவிடும். இரண்டும் சரியான கணக்குகளே, ஆனால் வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். அணைக்கு எவ்வளவு நீர் வந்தது என்று அறிய மில்லிமீட்டர் வேண்டும். மானாவாரி விவசாயி தன் ஊருக்குப் பழகிய மழையிலிருந்து எவ்வளவு விலகல் என்று அறிய விழுக்காடோ, 1993இல் மெக்கீயும் அவருடைய சகாக்களும் வகுத்த தரப்படுத்திய மழைக் குறியீடோ வேண்டும். ஒவ்வொரு இடத்தின் மழையையும் அதனதன் ஏற்ற இறக்க வழக்கத்தோடு ஒப்பிடும் அந்தக் குறியீடு சுழியத்தின் இரு பக்கமும் சமச்சீராகப் பரவுவதால், இருதிசை வரிசைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை போலப் பொருந்தும். மலையும் மழைமறைவும் ஒரே படத்தில் வரும் இந்தப் பகுதிக்கு அதுவே முதல் தேர்வாக இருக்கத் தக்கது.

எப்போதாவது வரும் பேரெண் ஒன்று வரிசை முழுவதையும் விழுங்கிவிடுவதும் உண்டு. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. தென் மாவட்டங்களின் அன்றைய மழை விலகலை வரைந்து, எல்லையை அந்த உச்ச எண்ணுக்கு ஏற்ப வைத்தால், காயல்பட்டினத்தைச் சுற்றிய கட்டங்கள் மட்டும் கரும்பச்சையாக நிற்கும். வேறெந்த நாளிலும் செய்தியாகியிருக்கக்கூடிய மழை பெற்ற ஊர்கள் எல்லாம் வெளிறிப்போகும். எல்லையைச் சுருக்கினால் வேறொரு சிக்கல். ஜிஜிபிளாட்2 எல்லைக்கு வெளியே விழும் கட்டங்களைத் தரவு இல்லாதவையாகக் கருதிச் சாம்பல் பூசிவிடும். மழை மிக அதிகமாகப் பெய்த இடமே படத்தில் ஓட்டையாகத் தெரியும் என்பதைவிட விபரீதம் இருக்க முடியாது. ஸ்கேல்ஸ் தொகுப்பின் ஸ்குவிஷ் என்ற கருவியைச் சேர்த்தால், எல்லை தாண்டிய எண்களுக்கு நுனி நிறம் கிடைக்கும். டெர்ராவில் ஃபில் ரேஞ்ச் என்ற விசை அதே வேலையைச் செய்கிறது. இப்படிச் செய்தால் வண்ணக் குறிப்பின் நுனியில் ‘100க்கும் மேல்’ என்று எழுதுவது கட்டாயம்.

நிறங்களைத் தேர்வதில் முதலில் பார்க்க வேண்டியது ஒளிர்வு. ஒரு நிறத்துக்குச் சாயல், செறிவு, ஒளிர்வு என்று மூன்று பண்புகள் உண்டு. நல்ல இருதிசை வரிசையில் நடு மிக வெளிச்சமாக இருக்கும்; இரு பக்கமும் ஒரே வேகத்தில் இருளும்; சாயல் மட்டும் வேறுபடும். ஒரு பக்கம் அடர் நீலமும் மறுபக்கம் மஞ்சளும் வைத்தால் நீலப் பக்கம் கண்ணை இழுக்கும், மஞ்சள் பக்கம் நடுவோடு கரைந்துவிடும். சமமான விலகல்கள் சமமாகத் தெரியாது. வானவில் வரிசையின் குறையும் இதுதான். அதன் ஒளிர்வு ஏறி இறங்கி ஏறுவதால், தரவில் இல்லாத எல்லைக் கோடுகள் படத்தில் முளைக்கின்றன.

இதை முறையாக ஆராய்ந்து வரிசைகளைத் தயாரித்தவர்கள் இருக்கிறார்கள். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் சிந்தியா புரூவர் வடிவமைத்த கலர்புரூவர் வரிசைகளில் ஒன்பது இருதிசை வரிசைகள் உள்ளன; ஆர்கலர்புரூவர் என்ற தொகுப்பு அவற்றை ஆருக்குக் கொண்டுவந்தது. மழைக்கு ஏற்ற பழுப்பு-நீலப்பச்சை வரிசை அவற்றில் ஒன்று. புவி இயற்பியலாளர் ஃபேபியோ கிரமேரி உருவாக்கிய விக், பிராக், கார்க் போன்ற வரிசைகள் சிகோ தொகுப்பில் கிடைக்கின்றன. அவரும் சகாக்களும் 2020இல் வெளியிட்ட கட்டுரை, அறிவியல் படங்களில் வண்ணம் தவறாகப் பயன்படுவதை விரிவாக எடுத்துக்காட்டியது. 2019இல் வந்த ஆர் 3.6.0 பதிப்பிலிருந்து எச்சிஎல்.கலர்ஸ் என்ற கட்டளை அடிப்படையிலேயே இருப்பதால், வேறு எதையும் நிறுவாமலே இத்தகைய வரிசைகள் கைக்கு வந்துவிடும். நாமே நான்கு நிறங்களைக் கலந்து புதிய வரிசை செய்யும் ஆசையை அடக்கிக்கொள்வது பெரும்பாலும் நல்லது.

சிவப்பையும் பச்சையையும் எதிரெதிரே வைக்கவே கூடாது. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 8 விழுக்காட்டினருக்கு இவ்விரு நிறங்களையும் பிரித்தறிவதில் குறைபாடு உண்டு. பிற மக்களிடையே விகிதம் மாறினாலும் எங்கும் இல்லாமல் இல்லை. பாதிக்கப்பட்ட ஒருவருக்கு வெள்ளமும் வறட்சியும் ஒரே மங்கல் நிறமாகத் தெரியும். பழுப்பு-நீலப்பச்சை, ஊதா-ஆரஞ்சு, சிவப்பு-நீலம் ஆகிய இணைகள் பாதுகாப்பானவை. கலர்ஸ்பேஸ் தொகுப்பில் நிறக்குறைபாடு உள்ள கண்ணுக்குப் படம் எப்படித் தெரியும் என்று மாற்றிக் காட்டும் கருவிகளும் இருக்கின்றன.

பழக்கத்துக்கும் மதிப்பு கொடுக்க வேண்டும். சிவப்பு-நீலம் வெப்பநிலைப் படத்தில் சிவப்பு மிகுதியைக் குறிக்கும். மழைப் படத்தில் சிவப்பு பற்றாக்குறையைக் குறிக்கும். இரண்டு படங்களும் ஒரே பக்கத்தில் வந்தால் வாசகர் குழம்புவார். மழைக்குப் பழுப்பு-நீலப்பச்சை, வெப்பத்துக்குச் சிவப்பு-நீலம் என்று பிரித்து வைத்துக்கொண்டால் அந்தக் குழப்பம் எழாது. வானிலை ஆய்வுத் துறையின் மழை விலகல் படங்களில் பெருமிகுதிக்கு அடர் நீலம், மிகுதிக்கு வெளிர் நீலம், இயல்புக்குப் பச்சை, பற்றாக்குறைக்குச் சிவப்பு, பெரும் பற்றாக்குறைக்கு மஞ்சள் என்பது நெடுநாள் வழக்கம். நாளிதழ்களில் பார்த்துப் பழகியவர்களுக்கு அது உடனே புரியும். ஆனால் நிலைமை மோசமாகும்போது நிறம் சிவப்பிலிருந்து வெளிச்சமான மஞ்சளுக்குத் தாவுகிறது. கடுமையான வறட்சி கண்ணுக்கு இலேசாகப் படுகிறது. அந்த வகைகளையும் எல்லைகளையும் அப்படியே வைத்துக்கொண்டு, நிறங்களை மட்டும் இருதிசை வரிசையிலிருந்து எடுப்பது தெளிவான வழி.

அந்த வகைகளுக்கு வரும்போது நிறங்களின் எண்ணிக்கையும் கணக்கில் சேர்கிறது. துறையின் வரையறையில் -19 முதல் +19 விழுக்காடு வரை இயல்பு; 20 முதல் 59 வரை மிகுதி, 60உம் அதற்கு மேலும் பெருமிகுதி; பற்றாக்குறைப் பக்கமும் அதே எல்லைகள். இங்கே நடு ஒரு புள்ளி அன்று, ஒரு பட்டை. அதற்கென்று ஒரு வெளிர் நிறம் வேண்டும் என்பதால் மொத்த நிறங்கள் ஒற்றைப்படை எண்ணிக்கையில் இருக்க வேண்டும்: ஐந்து அல்லது ஏழு. கடல் மட்டம்போல நடு ஒரு கோடாக இருந்தால், மேலே அல்லது கீழே என்ற இரண்டே நிலைகள்தான். அப்போது இரட்டைப்படை எண்ணிக்கை பொருந்தும். ஜிஜிபிளாட்2இல் ஸ்டெப்ஸ்2 என்று முடியும் கட்டளை, பிரேக்ஸ் என்ற இடத்தில் தரப்படும் எல்லைகளின்படி நிறத்தைப் படிகளாக வெட்டித் தரும். தொடர் வண்ணத்தைவிடப் படி வண்ணமே பொது வாசகருக்கு எளிது. படத்தில் ஒரு கட்டத்தின் நிறத்தைக் குறிப்பிலுள்ள நிறத்தோடு பொருத்திப் பார்க்க முடியும் என்பதே காரணம்.

தரவு இல்லாத கட்டங்களைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தென்மேற்குப் பருவ மாதங்களில் போனக்காட்டு மலைகள்மீது மேகம் விலகுவது அரிது. கீழே உள்ள நிலம் சென்டினல்-2 செயற்கைக்கோளின் 10 மீட்டர்ப் படத்தில் தெரியாமல் போகும். மேகம் மறைத்த கட்டங்களை நீக்கிய பிறகு ராஸ்டரில் ஓட்டைகள் எஞ்சும். ஜிஜிபிளாட்2 அவற்றுக்குச் சாம்பல் நிறம் தரும். வரிசையின் நடுவும் வெளிர் சாம்பலாக இருந்தால் ‘மாற்றம் இல்லை’ என்பதும் ‘தெரியவில்லை’ என்பதும் ஒன்றாகிவிடும். மழைக்காட்டின் நிலையைப் பற்றிய அறிக்கையில் இது சிறிய பிழை அல்ல. என்ஏ.வேல்யூ என்ற இடத்தில் வரிசையில் எங்கும் வராத ஒரு நிறத்தைத் தந்து, வண்ணக் குறிப்பில் ‘தரவு இல்லை’ என்று தனியாகக் காட்ட வேண்டும்.

மலைப்பகுதிப் படங்களில் நிலத்தின் மேடுபள்ளம் தெரிவதற்காக நிழற்சாயலை அடியில் வைத்து, அதன்மேல் வண்ணத்தைப் பாதி ஒளிபுகும்படி பூசுவது வழக்கம். 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடம் ஒன்று எடுத்த உயர அளவீடுகளிலிருந்து இந்தச் சாயலை டெர்ரா எளிதாகச் செய்துதரும். படமும் அழகாக இருக்கும். ஆனால் சாயல் ஒளிர்வை மாற்றுகிறது. இருதிசை வரிசையும் விலகலின் அளவை ஒளிர்வால்தான் சொல்கிறது. சூரியன் படாத சரிவிலுள்ள கட்டம் உண்மையைவிட அதிகம் விலகியதாகத் தெரியும். அகத்தியர்கூடம் போன்ற செங்குத்தான மலையில் இது கணிசமான பிழை. சாயலை மிக மெல்லிதாக வைக்கலாம். அதையும் விட்டுவிட்டு ஆறுகளையும் மலைமுகட்டுக் கோட்டையும் மட்டும் வரைந்தால் இடம் அடையாளம் தெரியும், நிறமும் கெடாது.

கறுப்பு வெள்ளை அச்சில் இருதிசை வரிசை தன் இயல்பாலேயே தோற்றுவிடும். இரு பக்கமும் ஒரே வேகத்தில் இருள வேண்டும் என்பது வண்ணத்தில் அதன் சிறப்பு. வண்ணம் போய்விட்டால் வெள்ளமும் வறட்சியும் ஒரே கருஞ்சாம்பலாகிவிடும். ஊராட்சி அலுவலகத்திலும் தோட்டத்திலும் அறிக்கைகள் பெரும்பாலும் நகலெடுப்பு எந்திரத்தின் வழியாகவே கைமாறுகின்றன. அப்படிப் போகக்கூடிய படத்தில் சுழியக் கோட்டை ஒரு தடித்த கோடாகவும், பற்றாக்குறைப் பகுதிகளைச் சாய்கோடுகளாலும் காட்டிவைப்பது அவசியம். கட்ட மதிப்புகளிலிருந்து சமமதிப்புக் கோடுகள் வரையும் கட்டளை டெர்ராவிலேயே இருக்கிறது. இயல்புக்கும் பற்றாக்குறைக்கும் இடைப்பட்ட -20 விழுக்காட்டுக் கோடு ஒன்றை மட்டும் வரைந்தாலே, பேப்பாறைக்கு நீர் தரும் ஓடைகளில் எத்தனை அந்தக் கோட்டுக்குள் விழுகின்றன என்பதை எந்த நகலிலும் பார்த்துவிடலாம்.